வயரைக் கழற்றியும் எரிந்த விளக்கு

கப்பல்துறையில், கண்டி றோட்டோரம் என் கராஜ். மழை பிடித்த ஒரு மத்தியானம் சோமசேகரம் தன் பழைய டீசல் வானைக் கொண்டுவந்து நிறுத்தினார். உப்புவெளி விடுதிகளுக்கு ஆள் ஏற்றுகிறவர். மனைவி நல்லம்மா ஆரோடோ ஓடிவிட்டாள் என்று ஊரெல்லாம் அழுது திரிந்தவரும் அவர்தான்.

"ஒயில் லைட் சும்மா சும்மா எரியுது, சிவகுரு. வயரைக் கழட்டி விடுங்கோ, காணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். லைட் அணைந்தால் எஞ்சினின் வருத்தம் மாறிவிட்டதாம்!

"எஞ்சின் இறுகினாப் பிறகு என்னட்ட வராதேங்கோ," என்றேன்.

என் மனைவியின் தம்பி மதுசன் என்னோடுதான் வேலை. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தான். ஒயில் நிறைய இருந்தது. ஒயில் அழுத்தம் குறைந்தால் லைட்டை எரியவிடும் சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றினான். கழற்றினால் லைட் அணைய வேண்டும்.

அணையவில்லை.

வயர் எங்கும் உரசவுமில்லை. அழுத்தம் பார்க்கும் மீற்றரைப் பூட்டினோம். எஞ்சினை ஓடவிட்டும் முள் அசையவே இல்லை. சரி, ஒயில் மேலே ஏறவில்லை என்று எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சட்டியை இறக்கினோம்.

ஒயில் உறிஞ்சும் வலையில் நீள நீளமாய்த் தலைமயிர். நடுவே பச்சைக் கண்ணாடிக் காப்புத் துண்டுகள். கருகிய ஒயிலோடு தேங்காயெண்ணெய் மணமும் வந்தது. எஞ்சினுக்குள் மயிர் போக வழியே கிடையாது.

சோமசேகரத்தின் குரல் இறங்கிவிட்டது. "அதை எறிஞ்சுபோட்டு மூடுங்கோ."

கழுவி, பூட்டி, புது ஒயில் விட்டு ஸ்டார்ட் பண்ணினேன். லைட் எரிந்தபடியே இருந்தது. மதுசன் நீளத் திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியில் வலது காதை வைத்தான். பேரிங் தேய்ந்திருந்தால் அப்படித்தான் கேட்டுப் பிடிப்போம்.

"தட்டுது அத்தான்."

"பேரிங்கோ?"

"இல்லை. கையால."

நான் எஞ்சினை நிற்பாட்ட வானின் திறப்பைத் திருப்பி உருவி எடுத்தேன். எஞ்சின் நிற்கவில்லை. உறுமி ஏறியது. திருப்புளிப் பிடி மதுசனின் காதுக்குள் இறங்கியது. விசிறிப் பெல்ட் அவன் சேட்டுக் கொலரைக் கவ்வித் தலையை உள்ளே இழுத்தது. இரத்தம் வானின் கண்ணாடியில் அடித்தது.

"அக்கா!" என்று கத்தினான்.

ஐயோ, அவளுக்கு நான் என்ன சொல்லுவேன்? காற்றை அடைத்தால் டீசல் எஞ்சின் நின்றுவிடும். ஓடிப்போய்க் காற்றுக்குழாயை உள்ளங்கையால் பொத்தினேன்.

உள்ளேயிருந்து ஒரு கை என் கையைப் பிடித்தது.

ஈரக் கை. உடைந்த காப்பு என் மணிக்கட்டைக் கிழித்தது.

"நல்லம்மாவை என்னடா செய்தனி? சொல்லடா, நாயே!" என்று சோமசேகரத்தைப் பார்த்துக் கத்தினேன்.

சோமசேகரம் சேற்றில் முழந்தாளிட்டார். "பழைய ஒயில் பீப்பாக்குள்ள... தலையை அமத்திப் பிடிச்சனான். கொஞ்சநேரம் தட்டினவள். பிறகு தட்டேல்லை."

கை என்னை விட்டது. எஞ்சின் நின்றது. மதுசன் என்மேல் சரிந்தான். உயிர் இருந்தது. வலது காது இல்லை.

சோமசேகரம் எழுந்து ஓடினார். திறப்பு என் கையில் இருக்க, வான் பாய்ந்தது. மூலையில் எங்கள் கழிவு ஒயில் பீப்பாவுக்குள் அவரைத் தலைகீழாகத் தள்ளி, மேலே முட்டிக்கொண்டு நின்றது. கால்கள் உதைத்தன. உள்ளேயிருந்து கையால் தட்டினார். இழுத்தெடுத்திருக்கலாம். மதுசனின் இரத்தம் என் நெஞ்சில் சூடாய் வடிந்துகொண்டிருந்தது. நான் போகவில்லை. கிடந்து சாகட்டும் என்று நின்றேன்.

தட்டல் நின்றது. வானில் லைட்டும் அணைந்தது.

மதுசனை என்னுடைய வாகனத்தில் ஏற்றித் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். போன மாதம்தான் எடுத்த வாகனம். சீனக்குடா தாண்டும்போது என் முன்னால் சிவப்பாய் ஒயில் லைட் எரிந்தது.

மதுசன் துணி சுற்றிய தலையைத் திருப்பி, காது இல்லாத பக்கத்தை டாஷ்போர்ட்டில் வைத்தான்.

"அத்தான்," என்றான் மெல்ல. "இப்ப ரெண்டு பேர் தட்டுகினம்."