மேசைக்கு அடியில்

மேசை தூக்க ஆள் வேணும் என்று டீச்சர் போன் பண்ணினார். எனக்கும் என் பெண்டாட்டிக்கும் கைபிடித்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். கூப்பிட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அதே கட்டடம், வகுப்பு நடந்த அதே அறை. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. ஏசியின் முனகல். சூடேறிய ஒயர் வாடை. தூக்குவதற்கு எதையும் காணோம். நாங்கள் படித்த பழைய மேசை மட்டும் கிடந்தது, எதிரே பெரிய திரை.

"உக்காருங்க அண்ணே."

"உக்கார்றதுக்கா கூலி, டீச்சர்?"

அவர் சிரிக்கவில்லை.

நாங்கள் படித்த நாளெல்லாம் எதிரே ஒரு கேமரா இருக்கும். குரல், முகம், கை மூன்றையும் சேர்த்துப் பார்த்து, பெரியவர்கள் எங்கே தடுமாறுகிறோம் என்று ஒரு செயற்கை அறிவு கற்றுக்கொள்கிறதாம். மொழி ஆராய்ச்சியாம். என் பெண்டாட்டிக்கு அது பிடிக்கவே இல்லை. "நான் திக்குறத எவன் எவனோ பாப்பானா?" என்றாள்.

"முடிஞ்சதும் அழிச்சிடுவோம்க்கா, சத்தியம்" என்று டீச்சர் அவள் கையில் அடித்துச் சொன்னார்.

வகுப்பு முடிந்தது. கொஞ்ச நாளில் காய்ச்சல் கண்டு அவளும் போய்விட்டாள்.

திரை வெளிச்சமானது.

அவள்.

அதே கம்மிய குரல். உயிரோடிருந்தபோது அவள் பார்த்தே இராத பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அழிச்சிடுவோம்னு சொன்னீங்களே, டீச்சர்..."

"நல்லதுக்குத்தானே அண்ணே. அக்கா மாதிரி எத்தனையோ பேர் இத வச்சுப் படிக்கப் போறாங்க. ஒரே ஒரு எடத்துல மட்டும் நின்னுடுது. பாருங்க."

"வெளியே ம..." என்றாள். நின்றாள். கண் மட்டும் மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது. அங்கேதான் நான் உட்கார்ந்திருப்பேன்.

"எப்பவும் 'மழை'யிலதான் நிக்கும்" என்று டீச்சர் கிசுகிசுத்தார். "அங்க அவங்க என்னதான் பண்ணுவாங்க?"

நான் சொல்லவில்லை. அவளுக்கு 'ழ' வராது. மானம் போகாமலிருக்க, மேசைக்கு அடியில் என் வலது தொடையைக் கிள்ளுவாள். நான் எழுத்தைக் காதோடு சொல்வேன். மேசைக்கு மேலே நடந்ததைத்தான் கேமரா பார்த்தது. எங்களுக்கென்று மிஞ்சியது அந்தக் கிள்ளு ஒன்றுதான்.

ஏசியின் முனகல் நின்றது.

என் வலது தொடையில் கிள்ளு விழுந்தது.

குனிந்து பார்த்தேன். யாருமில்லை. இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் எரிந்தது.

மறுபடியும் விழுந்தது. அவள் நகமேதான்.

பழக்கம். வாய் முந்திக்கொண்டது.

"ழ" என்றேன்.

"...மழை பெய்கிறது" என்று திரையில் அவள் தங்குதடையில்லாமல் படித்துக்கொண்டே போனாள். கண் திரும்பவில்லை. நான் அங்கே இருந்ததே இல்லை என்பதுபோல.

டீச்சரும் என்னைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பி, "கீழ வச்ச கேமராவுல பதிவாயிடுச்சா?" என்று யாரையோ கேட்டார்.

மேசை தூக்கக் கூப்பிடவே இல்லை அவர்.

இதை எழுதும்போதும் 'ழ' வரும் இடமெல்லாம் கிள்ளு விழுகிறது. முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

நேற்றிலிருந்து அது இடது தொடையில் விழுகிறது.

அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை.