கச்சிமுகம்மதுவின் கல் அட்டை

"வாப்பா, நாம செய்யிற கல்லு அல்லாஹ் படைச்ச கல்ல விடக் குறைவா?" என்று உம்மு ஒருநாள் கேட்டாள். சீமெந்தும் ஆற்று மணலும் குழைத்துச் செயற்கைக் கல் வார்க்கும் கச்சிமுகம்மது, "நாம வஞ்சகம் கலக்காட்டிப் போதும் மகள்" என்றார்.

அந்த மனிதர் இப்போது மூன்று நாளாகப் பொலிஸ் காவலில் இருந்தார். அவர் மனைவி கைருன்னிஸா, ஓய்வுபெற்ற தபால் அதிபர் மீராசாஹிபுவின் வீட்டுக்கு வந்து, கூடப்பிறந்த காக்காவிடம்போல் அழுதாள். பக்கத்துத் தையற்கடை றஊபும் அங்கே இருந்தான்.

"புள்ளைகள் குர்ஆன் ஓதுற ஓதப்பள்ளிச் சுவர் சரிஞ்சி, சின்னப் புள்ள மசூர்ட கால் நசுங்கிட்டுது, காக்கா. கல்லு எங்கடயாம். புள்ளைட வாப்பா றஸாக் சந்தியில வச்சி இவருக்கு அடிச்சிப் போட்டார். நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம். மனிசன் ஒரு வாய் சோறு தின்னல்ல. இந்தப் பேரோட உசிர் வாழமாட்டன் எண்டு சொல்றார்."

"சுவர் கட்டினது ஆரு?"

"கொந்தராத்துக்காரர் சரீப். இவர் அவருக்குக் கல்லே விக்கல்ல. ஆனா சரீப் எங்கட அட்டையக் காட்டிட்டார்."

கச்சிமுகம்மதுவிடம் ஒரு வழக்கம் இருந்தது. கல் அச்சும் தென்னை மரமும் அமிலத்தால் அரித்துப் பொறித்த செப்புத் தகடு ஒன்று வைத்திருந்தார். தரைக்கல் அழுத்தும் பொறியிலேயே அதை வைத்து ஐம்பது ஐம்பதாக விளம்பர அட்டை அச்சடிப்பார். எல்லாவற்றிலும் முன்கூட்டியே கையெழுத்திட்டு மேசையில் அடுக்கியிருப்பார். கல் போகும் நாளில் திகதி எழுதி, வாங்கியவருக்கு ஒன்று கொடுப்பார்.

மூவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். சரீப் கொடுத்திருந்த அட்டையை மீராசாஹிபு பார்த்தார். 1978 செப்டம்பர் பத்து என்றிருந்தது. தென்னை மரத்தைக் குறுக்கே வெட்டி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது.

"கையெழுத்து என்டதான்" என்றார் கச்சிமுகம்மது, தலை நிமிராமல். "பொய் சொல்லமாட்டன். ஆனா கல்லு என்டயில்ல."

வெளியே வந்ததும் மீராசாஹிபு, "அட்டையில மரத்துக்குக் குறுக்கால ஒரு கோடு ஓடுது. உங்கட வளவுல கரண்டுக் கம்பி போகுதா, தங்கச்சி?" என்று கேட்டார்.

"எங்க காக்கா! இன்னும் குப்பி விளக்குத்தான்."

றஊப் துள்ளினான். "என்ட கடைக்குத் தரைக்கல் வாங்கினது போன வருசம் ஆகஸ்ட்ல. அந்த அட்டை, உடுப்பு அளவெழுதுற கொப்பிக்குள்ள கிடக்கு. என்ட பொஞ்சாதி எறியச் சொல்லித் தினமும் ஏசுவா!"

எடுத்துப் பார்த்தபோது அதில் கோடு இல்லை. மூவரும் பட்டறைக்குப் போய்ச் செப்புத் தகட்டை எடுத்தார்கள். அதில் ஆழமான கீறல் ஒன்று இருந்தது. போன நவம்பர்ப் புயலில் கூரை ஓடு விழுந்து கீறியதென்றாள் கைருன்னிஸா.

"சுவர் விழுந்த பிறகு சரீப் இங்க வந்தாரா?"

"ஓம். அண்டைக்கே வந்தார், இவர் இல்லாத நேரம். முகம் வெளிறிப் போய் நிண்டார். பாவமெண்டு தேத்தண்ணி ஊத்தக் குசினிக்குள்ள போனன்."

அன்று மாலை பொலிஸ் நிலையத்தில் சரீபும் றஸாக்கும் இருந்தார்கள். மீராசாஹிபு தகட்டையும் இரண்டு அட்டைகளையும் இன்ஸ்பெக்டரின் மேசையில் வைத்தார்.

"முப்பது வருசம் தபால் முத்திரை பாத்த கண் இது. முத்திரையில விழுந்த கீறல், அதுக்குப் பிறகு குத்துற ஒவ்வொரு கடிதத்திலயும் விழும். முன்னால குத்தினதுல விழாது. ஆகஸ்ட்ல றஊபுக்குக் குடுத்த அட்டை சுத்தமா இரிக்கி. தகடு கீறுப்பட்டது நவம்பர்ல. அப்ப, கோடு விழுந்த இந்த அட்டை செப்டம்பர்ல எப்படிப் பிறந்தது, தம்பி சரீப்?"

சரீப் நாற்காலியை விட்டு எழப் பார்த்தான்.

"அந்தப் பொம்புள உனக்குத் தேத்தண்ணி ஊத்தப் போன நேரம், மேசையில கிடந்த கையெழுத்து அட்டையில கை வச்ச. திகதி எழுதின கை உன்ட."

"கடல் மணல்" என்று முகத்தை மூடிக்கொண்டான் சரீப். "ஆத்து மணலுக்குச் சம்மாந்துறைப் பக்கம் அவ்வளவு தூரம் போகப் பஞ்சியில கடல் மணல்லயே நான் வார்த்தன். உப்பு கல்லத் தின்னுமெண்டு தெரியும். அல்லாஹ்வே, புள்ளைகள் இருந்து ஓதுற இடமெண்டு நினைக்கல்லயே!"

கைருன்னிஸா விம்மியபடி கணவரின் விடுதலைத் தாளுக்காகக் காத்திருந்தாள். றஸாக் எழுந்து போனதை யாரும் கவனிக்கவில்லை.

பட்டறை வளவில் போன கிழமை வார்த்த கற்கள் வரிசையாகக் கிடந்தன. காலையும் மாலையும் நனையாவிட்டால் புதுக்கல் வெடித்துவிடும். மூன்று நாள் வெயிலில் அவை வெளுத்திருந்தன. வீட்டில் யாருமில்லை. றஸாக் சாரத்தை மடித்துக் கட்டினார். கிணற்றில் வாளியை இறக்கினார். சந்தியில் ஓங்கிய அதே கையால் ஒவ்வொரு கல்லாக ஊற்றினார். கடைசி வரிசையும் கறுத்து நனைந்தபின், வாளியை இருந்த இடத்தில் கவிழ்த்துவிட்டு, மகன் கிடக்கும் ஆசுபத்திரியை நோக்கிப் பின்வேலி வழியாக நடந்தார்.