ம்யூட் போட்ட பிறகு

சாமான் வண்டி வந்து நின்றபோது காலை பத்து மணிகூட ஆகவில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் பக்கத்துக் கட்டடத்தின் முதுகைப் பார்த்தபடி இருந்தன. மூன்று மாதம் பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் திறந்ததும் வலித் தைலத்தின் வாடை முகத்தில் வந்து அடித்தது. ஆள் போன பிறகும் அவருடைய தைல வாடை மட்டும் போகவில்லை.

அது டீச்சருடைய நாத்தனாரின் வீடு. தாயில்லாத தம்பியை ஐந்து வயதிலிருந்து தூக்கி வளர்த்தவர், தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளாதவர். இருபத்தெட்டு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். சொந்த வீடு சும்மா கிடக்கும்போது இன்னொருத்தர் வீட்டில் எதற்குக் குடியிருக்க வேண்டும் என்று கணவன் ஒரே பிடியாக நின்றதால்தான் டீச்சர் இந்த வாசலை மிதித்தாள்.

கல்யாணமாகி நாலு வருடத்தில் அந்த அம்மாள் இவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "வந்தவ சாப்பிட்டாளான்னு கேளு" என்று தம்பியிடம் சொல்வார், இவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். கடைசி வரைக்கும் அவர் வாயில் இவளுக்குப் பெயர் 'வந்தவ'தான். ஆனால் இவளைப் பற்றிப் பேசாமலும் இருந்ததில்லை. பக்கத்து வீடு, எதிர் வீடு, சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் பேசினார். அதுவும் எப்படிப்பட்ட குரலில்! தேனில் தோய்த்து எடுத்த குரல். அந்தக் குரலில் எதைச் சொன்னாலும் கேட்டவர்கள் நம்பினார்கள்.

டீச்சர் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வழியாகக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். சாமான் இறக்கும்போது பீரோவின் கால் அவளுடைய ஹெட்போன் மேல் இறங்கி அதை இரண்டாக்கிவிட்டது. நாலு மணிக்கு வகுப்பு.

"அக்காவோட இயர்பட்ஸ் இருக்கே, அதைப் போட்டுக்க" என்றான் கணவன்.

மேஜை டிராயரில், சின்ன சோப்பு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே இரண்டு பட்ஸ். காதுக்குள் போகும் முனையில் மஞ்சளாக அழுக்கு ஒட்டியிருந்தது. டீச்சர் பஞ்சை வைத்துத் துடைத்தாள். அழுக்குப் போனது, தைல வாடை போகவில்லை.

"இதை எப்படிங்க கம்ப்யூட்டர்ல சேக்கறது?"

"மூடியைத் திற. பின்னாடி ஒரு பட்டன் இருக்கும். லைட்டு விட்டுவிட்டு எரியற வரைக்கும் அதை அமுக்கிப் பிடி. அப்புறம் கம்ப்யூட்டர்ல ப்ளூடூத்தை ஆன் பண்ணி, புதுசா சேக்கறதுன்னு குடுத்தா பேரு வரும். அதைத் தொட்டா முடிஞ்சது. அக்காவுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவன் சொன்னபடியே செய்தாள். கொஞ்ச நேரம் திரையில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரே ஒரு பெயர் வந்தது.

என்னுடையது.

"அக்கா வச்ச பேரு" என்று கணவன் சிரித்தான். "அவ பொருளை யாரும் தொட்டுடக் கூடாது."

தொட்டாள். 'என்னுடையது இணைக்கப்பட்டது' என்று கம்ப்யூட்டர் சொன்னது.

பாட்டு நன்றாகவே கேட்டது. அழைப்பு வந்தால் மட்டும் சத்தம் மெலிந்து, அண்டாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். மைக்கும் சேர்ந்து வேலை செய்யும்போது அப்படித்தான் இருக்கும் என்றான் கணவன். லிஃப்ட் மெக்கானிக், இதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதல் வாரம் எந்தத் தொல்லையும் இல்லாமல் போனது.

டீச்சருக்குப் பிடித்த மாணவி ஒருத்தி இருந்தாள். பத்து வயது. எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடுவதால் அவளை 'வக்கீலம்மா' என்றுதான் கூப்பிடுவாள். ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, அவள் போட்டு முடிக்கும்வரை ம்யூட்டில் போட்டுவிட்டு டீச்சர் தண்ணீர் குடிப்பது வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான். ஐந்து நிமிடம் கழித்து ம்யூட்டை எடுத்தாள்.

"முடிச்சாச்சா வக்கீலம்மா?"

சிறுமி பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். நோட்டில் ஒரு எண்கூட இல்லை.

"மிஸ், 'வந்தவ'ன்னு யாரைச் சொல்வாங்க?"

டீச்சர் கையிலிருந்த தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"யாரு அப்படிச் சொன்னாங்க?"

"நீங்க ம்யூட் போட்டதும் ஒரு அத்தை பேசுவாங்களே, அவங்கதான். குரல் ரொம்ப நல்லா இருக்கு மிஸ். ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்வாங்களே, அந்த மாதிரி."

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். அறைக்கதவு சாத்தியிருந்தது. அறையில் நாற்காலி, மேஜை, கட்டில், அவள். அவ்வளவுதான். காதில் ஒரு சத்தமும் வந்திருக்கவில்லை.

"என்ன... என்ன பேசினாங்க?"

"'மூணு தடவை கூப்பிட்டேன், மூணு தடவையும் வெட்டி விட்டா'ன்னு. தினமும் அதையேதான் சொல்றாங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னும் சொன்னாங்க."

டீச்சர் வகுப்பை அத்துடன் முடித்துக்கொண்டாள்.

அந்த மூன்று அழைப்பைப் பற்றி உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் டீச்சர்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணவன் குளித்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து வெளியே போவதாக இருந்தது. மேஜையில் கிடந்த அவனுடைய ஃபோன் அடித்தது. திரையில் 'அக்கா'. எடுத்தால் அவன் அந்தப் பக்கம் ஓடிவிடுவான், இந்த ஞாயிறும் போயிற்று. வெட்டினாள். மறுபடி அடித்தது. வெட்டினாள். மூன்றாவது தடவை கொஞ்சம் தயங்கி, அதையும் வெட்டினாள். பிறகு மூன்றின் சுவடையும் ஃபோனிலிருந்து அழித்தாள். சாயங்காலம் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுச் சொன்னார்கள். சமையலறைத் தரையில் கிடந்தாராம். கையில் ஃபோன் இருந்ததாம்.

மறுநாள் டீச்சர் ஒரு வேலை செய்தாள். இயர்பட்ஸில் கேட்பது மட்டும் இருக்கட்டும், பேசுவதற்குக் கம்ப்யூட்டரின் சொந்த மைக் போதும் என்று அமைப்பை மாற்றினாள். வகுப்பு முடியும்போது மாணவி கொஞ்சம் ஏமாற்றத்துடன் சொன்னாள், "இன்னைக்கு அத்தை வரலை மிஸ்."

இரண்டு நாள் நிம்மதி.

மூன்றாம் நாள் டியூஷன் நிறுவனத்திலிருந்து மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல பெரியவங்க இருந்தா கிளாஸ் நேரத்துல பேச வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு பொண்ணுகிட்ட, தரையில விழுந்து கிடந்தா மூச்சு எப்படி நிக்கும்னு விவரமா சொல்லியிருக்காங்க. அந்தப் பொண்ணு ராத்திரியெல்லாம் அழுதிருக்கு. அவங்க அம்மா உங்க கிளாஸே வேண்டாம்னுட்டாங்க."

டீச்சர் அமைப்பைத் திறந்து பார்த்தாள். மைக் என்ற இடத்தில் 'என்னுடையது' என்று இருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை.

இயர்பட்ஸைப் பெட்டியில் வைத்து, மூடி, டிராயருக்குள் தள்ளினாள். கணவனிடம், ஒயர் வைத்த ஹெட்போன் ஒன்று வாங்கி வரச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. எதைச் சொல்லி எதை விடுவது?

அடுத்த நாள் மதியம் கணவன் வேலை இடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வீடியோவில் கூப்பிட்டான். நெற்றியில் கிரீஸ் கறை, பின்னால் லிஃப்டின் கம்பிகள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரைக் கூட்டினாள். அப்போதும் வரவில்லை. திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி ஒளிர்ந்தது.

என்னுடையது இணைக்கப்பட்டது.

பெட்டி மூடித்தான் இருந்தது. டிராயரும் மூடித்தான் இருந்தது.

கணவன் 'கேக்குதா, கேக்குதா' என்று கையை ஆட்டினான். வேறு வழியில்லாமல் பெட்டியைத் திறந்து பட்ஸைக் காதில் வைத்தாள். தைலத்தின் குளிர்ச்சி காதுக்குள் இறங்கியது.

"இப்போ கேக்குதா?" என்றான் அவன். "எத்தனை தடவை கத்தறது?"

"கேக்குதுங்க. சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடித்தது. பழக்க தோஷம். யோசிக்காமல் ம்யூட்டை அமுக்கிவிட்டு எழுந்து போனாள். வாசலில் யாரும் இல்லை. திரும்பி வந்தாள்.

திரையில் கணவன் அழுதுகொண்டிருந்தான்.

வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சின்னப் பையன் மாதிரி அழுதான். நடுநடுவே தலையை ஆட்டினான். "ம்... ம்... சாப்ட்டேன்க்கா" என்றான்.

டீச்சர் ம்யூட்டை எடுத்தாள். "என்னங்க?"

அவன் முகம் சட்டென்று சுருங்கியது. நல்ல பாட்டு ஓடும்போது யாரோ ரேடியோவை நிறுத்திவிட்ட மாதிரி அவளைப் பார்த்தான்.

"நீ எதுக்கு வந்த?" என்றான்.

அதிலிருந்து தினமும் மதியம் பன்னிரண்டரைக்கு அழைப்பு வந்தது. "ம்யூட் போட்டுட்டு உக்காரு" என்பான். முடியாது என்றாள் முதல் நாள். அவன் கெஞ்சினான். "ஒரே ஒரு பத்து நிமிஷம். உனக்கு என்ன போச்சு?" அவள் உட்கார்ந்தாள். தன் காதில், தன் தாடையை ஒட்டி, யாரோ வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, தனக்கு ஒரு எழுத்துகூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். திரையில் கணவன் சிரித்தான், கண்ணைத் துடைத்தான், வெட்கப்பட்டான். இந்த நாலு வருடத்தில் அவன் அவளிடம் இப்படி முகம் மலர்ந்து பேசியதில்லை.

நாலாம் நாள், சிரித்துக்கொண்டிருந்தவன் சிரிப்பை நிறுத்தினான்.

"எப்போ?" என்றான்.

பிறகு, "மூணு தடவையா?" என்றான்.

பிறகு கண்ணை மட்டும் மெல்ல உயர்த்தி, திரைக்குள்ளிருந்து நேராக அவளைப் பார்த்தான்.

டீச்சர் பட்ஸைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பெயரை நீக்கினாள். கணவனின் கருவிப் பையிலிருந்து பெரிய ஸ்பானரை எடுத்து வந்து, பெட்டியையும் பட்ஸையும் தரையில் வைத்து, தூள் தூளாகும்வரை அடித்தாள். தூளை ஒரு பையில் அள்ளி, தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, லாரி வந்து தொட்டியைக் கவிழ்க்கும்வரை அங்கேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பாட்டு போட்டாள். கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரில் அது தாராளமாகப் பாடியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ரொம்ப நேரம் அழுதாள்.

சாயங்காலம் வந்த கணவனிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். "நான் தப்புப் பண்ணிட்டேங்க. இப்படி ஆகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. திட்டுங்க. அடிக்கக்கூட அடிங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க."

அவன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். "சாப்பாடு இருக்கா?" என்று கேட்டான். அவ்வளவுதான். இயர்பட்ஸ் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

பன்னிரண்டரை அழைப்பு நின்றது. கணவன் அக்காவின் கட்டிலில் படுக்க ஆரம்பித்தான். காலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்புவான். ஒரு வாரம் இப்படியே போனது. பேசாவிட்டாலும் போகவில்லையே, நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று டீச்சர் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

எட்டாம் நாள் மதியம், அவளே அவனைக் கூப்பிடலாம் என்று தோன்றியது. கம்ப்யூட்டர் வேண்டாம். தன் ஃபோனை எடுத்து, வெறும் காதில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"சொல்லுக்கா" என்றான் அவன்.

டீச்சர் ஃபோனை எடுத்துத் திரையைப் பார்த்தாள். அவனுடைய எண்தான்.

"அக்கா இல்லைங்க. நான். நான்தான் பேசறேன்."

"ம்... கேக்குதுக்கா. நல்லா கேக்குது."

"என்னங்க! நான்தாங்க!" கத்தினாள். அவளுடைய கத்தல் சுவரில் பட்டு அவளுக்கே திரும்பி வந்தது. ஃபோனுக்குள் போகவில்லை. எதிர்முனையில் அவன் பொறுமையாக, பிரியமாக, யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அறைக்குள் தைல வாடை ஏறிக்கொண்டே வந்தது.

ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே வாசலுக்கு ஓடிக் கதவை இழுத்தாள். வரவில்லை. தாழ் போட்டிருக்கவில்லை. ஆனாலும் வரவில்லை.

"ஆமாக்கா" என்றான் கணவன் காதில். "வெளிய பூட்டிட்டுத்தான் வந்தேன்."

கொஞ்சம் கேட்டான். லேசாகச் சிரித்தான்.

"தனியாத்தான் இருக்கா. நீ பாத்துக்க."