டொங் என்று கேட்கும், கால் கிடையாது

பொடியனுக்கு நான்கு வயது. வா, போ, கொடு, விழுந்துடுச்சு, மாட்டேன் எல்லாம் கணீரென்று சொல்வான். பொருட்களின் பெயர் மட்டும் அவன் வாயில் வரவே வராது. சீப்பும் "அது"தான். செருப்பும் "அது"தான். ஒருநாள் "அது மேல அது விழுந்துடுச்சு" என்று ஓடிவந்தான். போய்ப் பார்த்தால், அப்பாவின் சட்டை மேல் மைப்புட்டி!

அவனுடைய அக்கா நேர் எதிர். பத்து வயதுதான் ஆகிறது, ஆனால் பேச ஆரம்பித்தால் ஓயமாட்டாள். அதனால் வீட்டிலும் தெருவிலும் அவளுக்கு வாயாடி என்றே பெயர் விழுந்துவிட்டது. "தம்பி பேச வேண்டியதையும் சேர்த்து நீயே பேசிடற" என்று அப்பா சிரிப்பார்.

அன்று சனிக்கிழமை. அம்மாவுக்கு அலுவலகம் கிடையாது. காலையில் வீட்டைச் சுத்தம் செய்து, வேண்டாததை எல்லாம் ஒரு சாக்கில் கட்டி, தெருவில் வந்த பழைய சாமான் கடை வண்டியில் போட்டிருந்தாள்.

மத்தியானம் தூங்கி எழுந்த பொடியன், கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்பக்கப் பால்கனிக்குப் போனான். அடுத்த நொடி வீடே அதிர்ந்தது.

"அது காணோம்! அது காணோம்!"

அம்மா பந்தைக் காட்டினாள். இல்லை. மரக்குதிரையைக் காட்டினாள். இல்லை. நேற்று உடைந்த கார், முந்தாநாள் கிழிந்த பொம்மை, அலமாரிக்கு அடியில் கிடந்த ஒற்றைச் சக்கரம். இல்லை, இல்லை, இல்லை.

"எதுடா கண்ணு?"

"அது!"

அம்மாவின் முகம் மாறியது. "பால்கனியில கிடந்ததை எல்லாம் காலையில சாக்குல அள்ளிப் போட்டேனே! அதுல ஏதாவது இருந்துச்சோ?"

"நீ என்னென்ன போட்டேம்மா?" என்று கேட்டாள் வாயாடி.

"பழசு. பார்த்தா போட்டேன்? கண்ணை மூடிக்கிட்டு அள்ளினேன்!"

பொடியனின் அழுகை விக்கலாக மாறிவிட்டது. வாயாடிக்கு மனசு கேட்கவில்லை. கேள்வி கேட்டால் "அது" என்கிறான். வேறு எப்படித்தான் இவனிடமிருந்து விஷயத்தைக் கறப்பது? யோசித்தாள். பிறகு அவனை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

"ஒரு ஊர்ல ஒரு 'அது' இருந்துச்சாம்" என்று ஆரம்பித்தாள். விக்கல் பாதியில் நின்றது.

"அது பஞ்சு மாதிரி மெத்துமெத்துன்னு இருந்துச்சாம்."

"இல்ல!" பொடியன் சுவரில் தட்டிக் காட்டினான். "டொங்!"

"ஓ, டொங்குன்னு இருந்துச்சாம். அதுக்கு நாலு காலாம்."

"கால் இல்ல!" பொடியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, காலே இல்லையாம். அதுக்குள்ள தண்ணி ஊத்தினா அப்படியே நிக்குமாம்."

"நிக்காது. எல்லாம் ஓடிடும்."

"ஓட்டையா?"

"நெறைய ஓட்டை!"

வாயாடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த 'அது' நாள் பூரா சும்மா தூங்குமாம்."

"தூங்காது!" பொடியன் அவள் கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துப்போய்த் தரையைக் காட்டினான். "இங்க வரும். குட்டி குட்டியா வரும். பிடிச்சா வராது."

குட்டி குட்டியாக வருமாம். பிடித்தால் அகப்படாதாம். எறும்பா? எலியா? வாயாடியின் மண்டைக்குள் குடைய ஆரம்பித்தது. தம்பிக்காக மட்டும் இல்லை, இப்போது அவளுக்கே தெரிந்தாக வேண்டும்.

"அம்மா, பழைய சாமான் கடைக்குப் போயிட்டு வந்துடறோம்!"

கடை தெருமுனையில்தான். உள்ளே மலை மலையாகக் குவியல்கள். கடைக்கார அத்தை கையுறை மாட்டிக்கொண்டு பாட்டில்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுச் சாக்குல ஒண்ணு தெரியாம வந்துடுச்சு அத்தை."

"என்ன பொருள்? பேரைச் சொல்லு, எடுத்துத் தரேன்."

"பேரு தெரியாது. டொங்குன்னு கேட்கும், கால் கிடையாது, நெறைய ஓட்டை, தண்ணி நிக்காது."

அத்தை கடையைச் சுற்றிப் பார்த்தாள். "பாதிக் கடை அப்படித்தான் இருக்கு." பிறகு சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். மணி மூன்றே கால். "நாலு மணிக்கு லாரி வந்துடும். எல்லாம் உருக்கப் போயிடும். அப்புறம் அது கரண்டியாகுமோ கதவாகுமோ, எனக்கே தெரியாது."

பொடியன் அக்காவின் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

வாயாடி முதல் குவியலைத் தட்டினாள். தொப்! "இது அட்டை." அடுத்ததைத் தட்டினாள். கிணிங்! "இது கண்ணாடி, தொடாதே." மூன்றாவதைப் பொடியனே தட்டினான். டொங்!

"தகரம்!" என்று கத்தினாள் வாயாடி.

"தகரம்!" என்று பொடியனும் கத்தினான். தான் ஒரு பெயரைச் சொன்னது அவனுக்கே தெரியவில்லை.

இருவரும் தகரக் குவியலைக் கிளறினார்கள். நசுங்கிய எண்ணெய் டின், மூடி இல்லாத பிஸ்கட் டப்பா, கைப்பிடி கழன்ற வாளி. ஒவ்வொன்றையும் வாயாடி பெயர் சொல்லிக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் பொடியன் தலையை ஆட்டினான். "டின் இல்ல. வாளி இல்ல."

திடீரென்று அவள் கையில் ஒரு பூவாளி கிடைத்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. வாய் முழுக்க ஓட்டை!

"கண்டுபிடிச்சுட்டேன்! குட்டி குட்டியா வரும், பிடிச்சா கையில நிக்காது. தண்ணிதானே?"

பொடியன் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "நனையாது."

வாயாடி பூவாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஓட்டை வழியாகக் குட்டி குட்டியாக வருமாம். பிடிக்க முடியாதாம். நனையவும் நனையாதாம். உலகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

மணி மூன்றே முக்கால். வெளியே லாரியின் ஹாரன் கேட்டது. கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது!

அப்போதுதான் பொடியன் குதித்தான். "இது! இது!"

கடைக் கூரையில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று இருந்தது. அதன் வழியே விழுந்த வெயில், பொடியனின் சட்டையில் காசு அளவுக்கு வட்டமாக நின்றது. அவன் அதைப் பிடிக்கப் பிடிக்க, அது அவன் கைமேலேயே ஏறி உட்கார்ந்தது.

வாயாடி துள்ளி எழுந்தாள். "வெளிச்சமா! அட என் தங்கமே, வெளிச்சமாடா?"

இனி என்ன கவலை? தகரங்களை ஒவ்வொன்றாக வாசலுக்குத் தூக்கிவந்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். ஒன்றும் வரவில்லை. அடுத்தது. அதிலும் வரவில்லை. லாரிக்காரர் இறங்கி வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். "என்னம்மா, தகரத்துக்கு எக்ஸ்ரே எடுக்கறீங்களா?"

"ரெண்டு நிமிஷம் பொறுங்கண்ணே" என்றாள் அத்தை. அவளுக்கும் ஆவல் தாங்கவில்லை. கையுறையோடு அவளும் ஒரு பெரிய டின்னைத் தூக்கினாள். உள்ளே ஏதோ உருண்டது. டொங்!

பொடியனின் கண் விரிந்தது.

பெரிய டின்னுக்குள் ஒரு சின்ன டப்பா மாட்டிக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கான பால்பவுடர் டப்பா. வெளியெல்லாம் நீலமும் மஞ்சளுமாகப் பெயின்ட் காய்ந்து கிடந்தது. அடிப்பக்கம் முழுக்க ஆணியால் அடித்த ஓட்டைகள். பொடியன் அதைப் பிடுங்கி வெயிலில் நீட்டினான்.

தரையில் குட்டி குட்டியாக நாற்பது, ஐம்பது வெளிச்சப் பொட்டுகள்! அவன் டப்பாவை அசைத்ததும் அவை அத்தையின் காலைத் தாண்டி, லாரிக்காரரின் சட்டைமேல் ஏறி, தொப்பையில் நடனமாடின. லாரிக்காரர் அவற்றைத் தட்டிவிடப் பார்த்தார். பொடியன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எடுத்துட்டுப் போடா ராஜா" என்றாள் அத்தை. "அது சரி, இதுக்குப் பேரு என்ன?"

வாயாடி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பால்பவுடர் டப்பா என்றால், பால்பவுடர் எப்போதோ தீர்ந்துபோனது. பொம்மை என்றும் சொல்ல முடியாது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குப் பேச ஒரு சொல் கிடைக்கவில்லை.

சாயங்காலம் அப்பா வேலை முடிந்து, கை முழுக்கச் சுண்ணாம்போடு வந்தார். அவர் வீடுகளுக்கு வண்ணம் பூசுபவர். பால்கனியில் மஞ்சள் வெயிலில் பொடியன் டப்பாவோடு நின்றிருந்தான்.

"அட, இது என் பழைய வடிகட்டி! நான்தான் ஓட்டை போட்டேன். துருப்பிடிச்சு ஓட்டை பெரிசாயிடுச்சேன்னு மூலையில போட்டிருந்தேன்."

"வடிகட்டியா?" என்று கேட்டான் பொடியன்.

"ஆமாடா. பெயின்டை இதுல ஊத்தினா கட்டியெல்லாம் மேல தங்கிடும். நல்ல பெயின்ட் மட்டும் கீழ இறங்கும்."

பொடியன் டப்பாவைப் பார்த்தான். தரையில் துள்ளும் பொட்டுகளைப் பார்த்தான். அம்மாவும் அக்காவும் பக்கத்தில் வந்து குனிந்தார்கள்.

"வெயில் வடிகட்டி" என்றான்.

வாயாடி கைதட்டினாள். அப்பா மட்டும் விடாமல், "அப்படியா? அப்போ வெயில்ல இருந்த கட்டியெல்லாம் எங்கே?" என்று கேட்டார்.

பொடியன் டப்பாவுக்குள் கையைவிட்டுக் கவனமாகத் துழாவிப் பார்த்தான்.

"கட்டியே இல்லப்பா" என்றான். "நல்ல வெயில்."