தொண்டைக்கு வராத சொல்

“நான் பேசாம இருந்தா ஒனக்கு ஏங்க்கா இவ்வளவு பயமா இருக்கு?”

மின்மினியை முதன்முதலாகத் தன் காதுக்குக் கீழே ஒட்டிய அன்று ஷெரின் இப்படிக் கேட்டாள். அவளுடைய அக்கா ஜெபமலர் பசை காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “தலைய ஆட்டாதட்டி” என்று மட்டும் சொன்னாள்.

அரசாங்க ஆணைகளில் அதன் பெயர் சொல்தடைகாட்டி. தூத்துக்குடியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பாசிப்பயறு அளவு விளக்கு அது. பேச வந்ததைப் பேசாமல் விழுங்கினால் மஞ்சளாக எரியும். ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன்பே மூளை அதைத் தயார் செய்து தொண்டைத் தசைகளுக்கு அனுப்பிவிடுகிறது. வேண்டாம் என்று பட்டால், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி கடைசி நேரத்தில் தடை போடுகிறது. சொல் நின்றுவிடும். ஆனால் தொண்டை அதற்குள் மிக லேசாக அசைந்திருக்கும். அந்த அசைவைத்தான் மின்மினி பிடிக்கிறது. நின்றது என்ன சொல் என்று அதற்குத் தெரியாது. ஒரு சொல் நின்றது என்று மட்டும் தெரியும்.

மற்றதை மனிதர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

வலியை மறைக்கும் நோயாளிகளுக்காக முதலில் மருத்துவமனைகளுக்கு வந்தது. பிறகு பொதுமக்களோடு பேசும் எல்லா அலுவலர்களுக்கும் கட்டாயமானது. அப்புறம் பள்ளிக்கூடம், பெண் பார்க்கப் போகும் வீடு, மீன் ஏலம் என்று எங்கும் நுழைந்தது. ஜெபமலரின் சபையில், பாடகர் குழுவைப் போதகர் புகழ்ந்துகொண்டிருந்தபோது அவர் காதோரம் மஞ்சள் பளிச்சிட்டது. சபை மொத்தமும் சிரித்தது. அடுத்த ஞாயிறு அவர் கழுத்தை முழுக்க மூடும் அங்கியில் வந்தார். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதைப் பார்த்தார்கள்.

ஜெபமலர் துறைமுகத்தில் அனுமதிச்சீட்டு கொடுக்கும் கவுண்டரில் இருந்தாள். அவளும் அணிந்திருந்தாள். அவளுடையது எரிந்ததே இல்லை என்று சொல்லலாம். மனதில் பட்டதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிற ஆள். “எனக்கு ஒளிவு மறைவு கெடையாது” என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்குப் பெருமை.

ஷெரின் அப்படி இல்லை. அம்மாவைப் போல. அம்மாவும் எதைக் கேட்டாலும் “ஒண்ணுமில்ல” என்பாள். நெஞ்சைத் தடவிக்கொண்டே “ஒண்ணுமில்ல” என்பாள். பல மாதமாக வலி இருந்ததை ஆம்புலன்ஸில் போகும்போதுதான் சொன்னாள். ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தபோது சொல்ல அவள் இல்லை. அந்த வருஷமே ஜெபமலர் தங்கைக்கு மின்மினி வாங்கினாள்.

முதலில் அது ஓயாமல் எரிந்தது.

“என்னத்தட்டி முழுங்குன?”

“ஒண்ணுமில்லக்கா. கொழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்.”

“அதச் சொல்லதுக்கு என்ன? வேற என்ன?”

“வேற ஒண்ணுமில்ல.”

“இந்தா, மறுபடியும் எரியுது பாரு.”

சோறு ஆறிப்போகும்வரை இது நடக்கும். உப்பில் ஆரம்பித்து, கூட வேலை பார்க்கிறவன் ஒருவன் ஷெரினிடம் பேனா இரவல் வாங்கியது வரைக்கும் வந்து நிற்கும். விளக்கு அணைந்த பிறகுதான் ஜெபமலர் தட்டைக் கழுவப் போவாள்.

பிறகு எரிவது குறைந்தது. ஒரு கட்டத்தில் நின்றே போனது. தங்கை இப்போது எதையும் மறைப்பதில்லை என்று ஜெபமலர் பக்கத்து வீடுகளில் சொன்னாள். சொல்லும்போதே ஏதோ உறுத்தியது. என்னவென்று பார்க்க அவள் விரும்பவில்லை.

இன்று காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே ஷெரின் சொன்னாள்: “நாகப்பட்டினத்துல ஒரு கடற்பாசிப் பண்ணையில வேல கெடச்சிருக்குக்கா. மத்தியானம் பஸ். அங்கயே தங்கிக்கிடுவேன்.”

ஜெபமலர் நிமிர்ந்து தங்கையின் காதைப் பார்த்தாள். எரியவில்லை.

“எதுக்குட்டி? இங்க வேல இல்லியா?”

“இருக்கு.”

“அங்க யாரு இருக்கா?”

“யாருமில்ல.”

“எம்மேல கோவமா?”

“இல்லக்கா.”

ஒவ்வொரு பதிலுக்கும் பார்த்தாள். ஒரு மினுக்கல்கூட இல்லை. பிறந்ததிலிருந்து ஒன்றாக இருந்த வீட்டை விட்டுப் போகிறவளிடம் விழுங்குவதற்கு ஒரு சொல் இருக்காதா? மின்மினியின் மேல் தடவினால் எரியாமல் செய்கிற மெழுகை மீன் மார்க்கெட் ஓரத்தில் ரகசியமாக விற்கிறார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். எழுந்து போய்த் தங்கையின் காதுக்குக் கீழே நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஷெரின் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். மெழுகு இல்லை.

“பழுது பாக்குற எடத்துல ஒரு தடவ காட்டிட்டு அப்புறம் போ.”

“சரிக்கா.”

அதற்கும் எரியவில்லை.

பழுதுநிலையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்தது. அதை நடத்தும் மரியசெல்வத்தின் காதில் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. ஜெபமலர் முறைப்பதைப் பார்த்ததும் அவர் போனைச் சுட்டிக்காட்டினார்.

“எனக்குள்ளத பாக்காதிய. பொண்டாட்டி லைன்ல இருக்கா.”

போனை வைத்துவிட்டு ஷெரினை உட்கார வைத்தார். “வாய்விட்டு எண்ணுங்கம்மா. நான் கையத் தூக்குனா டக்குனு நிறுத்தணும், என்ன?”

ஷெரின் எண்ணினாள். அவர் எதிர்பாராமல் கையைத் தூக்கினார். அவள் நிறுத்தினாள். மின்மினி எரிந்தது. மறுபடியும் எண்ணினாள், நிறுத்தினாள், எரிந்தது. அவ்வளவு நாள் கழித்து அந்த மஞ்சளைப் பார்த்த ஜெபமலர் ஓர் எட்டு முன்னால் வந்தாள்.

ஷெரினை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவர் அக்காவிடம் திரும்பினார். “கருவி நல்லாருக்கு. அவங்க மூளையில உள்ள பிரேக்கும் நல்லாருக்கு. காசு வேண்டாம், கூட்டிட்டுப் போங்க.”

“அப்ப எங்கிட்டப் பேசும்போது ஏன் எரியல? அவ என்னமோ செஞ்சிருக்கா. ஒங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியல.”

“இப்ப நெறயப் பேரு இப்படித்தான் வாராவ. கருவி கெட்டுப்போச்சுன்னு எங்கிட்டச் சண்ட போடுதாவ.” அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “இங்க பாருங்க. ஒரு தடவ சுட்டா கைய இழுத்துக்கிடுவோம். தெனமும் சுட்டா? அடுப்புப் பக்கமே கை போவாது. மூளையும் அப்படித்தான். வெளக்கு எரிஞ்சா கேள்வி வருது, கேள்வி வந்தா நெஞ்சு படபடங்குது, வயிறு எரியுது. அது ரெண்டையும் முடிச்சுப் போட்டு வச்சிக்கிடும். சொல்லு தொண்டைக்கு வந்தாத்தான வெளக்கு எரியும்? அதனால வரவே விடாது. பொறக்குற எடத்துலயே நின்னுரும். அவங்க வேணும்னு செய்யல. அவங்களுக்கே தெரியாது.”

“அப்ப அவளுக்கு இனிமே யார்கிட்டயும் எதுவும் சொல்லத் தோணாதா?”

மரியசெல்வம் வாயைத் திறந்தார். மூடினார். அவர் காதோரம் மஞ்சள் எரிந்தது.

“என்னத்த முழுங்குனிய?” ஜெபமலர் உடனே கேட்டாள்.

அவர் கண்ணாடிக் கதவைக் கைகாட்டினார்.

வெளியே பெஞ்சில் ஷெரினுக்குப் பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். யாரென்று தெரியாத பெண். குழந்தை ஷெரினின் துப்பட்டா நுனியை வாயில் வைத்துச் சப்பியது. ஷெரின் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஷெரின் மேலே சொல்ல வந்து, வெட்கப்பட்டு, நிறுத்தினாள். மின்மினி எரிந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஷெரினுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்தியதை அவளாகவே சொன்னாள் போலிருந்தது. அந்தப் பெண் மறுபடியும் சிரித்தாள். விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது.

ஜெபமலர் கண்ணாடியில் கை வைத்தபடி நின்றாள். தங்கை சிரிக்கும்போது மேலுதடு ஒரு பக்கம் ஏறும் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

கதவைத் தள்ளினாள்.

ஷெரின் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மஞ்சள் அதற்கு முன்பே அணைந்துவிட்டது.

“போலாமா?”

“சரிக்கா.”

நாகப்பட்டினம் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. நடத்துநர் படியில் நின்று ஆட்களைக் கூப்பிட்டார். ஷெரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். அக்கா ஏதாவது கேட்பாள், பதில் சொல்லிவிட்டு ஏறலாம் என்பதுபோல் இருந்தது அவள் நின்ற விதம்.

ஜெபமலருக்குக் கேட்க ஒன்றுமில்லை. சொல்லத்தான் இருந்தது. மின்மினியை ஒட்டிய அன்று கேட்ட கேள்விக்கான பதில் இப்போது வந்தது. பேசாம இருந்தே அம்மா போயிட்டாட்டி. நீயும் அப்படிப் போயிருவியோன்னுதான். அது முழுசாகத் தொண்டைவரை வந்தது. சொன்னால் ஷெரின் என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரிந்தது. “சரிக்கா” என்பாள். விளக்கு எரியாது.

ஜெபமலர் வாயை மூடிக்கொண்டாள்.

பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. சட்டென்று தங்கையின் காதைப் பார்த்தாள். அங்கே இருட்டு. மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். புள்ளி அவளுடைய காதுக்குக் கீழே இருந்தது.

ஷெரினும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷெரின் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். வீட்டில் ஜெபமலர் ஆயிரம் தடவை கேட்ட அதே கேள்வி. என்னத்தக்கா முழுங்குன? கேட்டுவிட்டால் எல்லாவற்றையும் இந்த இடத்திலேயே கொட்டிவிடலாம். ஜெபமலர் தலையைக்கூட லேசாகச் சாய்த்தாள், விளக்கு நன்றாகத் தெரியட்டும் என்று.

ஷெரின் கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு படியேறி உள்ளே போனாள்.