கல்யாணப் பெண்ணும் நின்றுபோன ரயிலும்

அந்தக் கோடையில் அயர்லாந்து முழுவதும் எங்கள் ரயில்காரர்கள் ஒரே முடிவில் இருந்தார்கள். இங்கிலாந்துப் பட்டாளம் எங்களை அடக்கி வைக்க, துப்பாக்கியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. நம்மை மிரட்டும் துப்பாக்கியை நாமே சுமந்து போவதா என்று ரயில்காரர்கள் கேட்டார்கள். துப்பாக்கி ஏறினால் வண்டி நகராது. அவ்வளவுதான்.

ஊனாவின் அப்பா டோனல் எஞ்சின் டிரைவர். கில்டரா ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில்தான் அவர்கள் வீடு. கேட்டைத் திறந்து மூடுவது அம்மாவின் வேலை. அப்பாவின் ரயில் வந்து நின்றதும் ஓடிப்போய்ச் சூடாக டீ கொடுப்பது ஊனாவின் வேலை.

அன்றும் டீயோடு போனாள். அதே நேரத்தில் கடைசிப் பெட்டியில் பட்டாளக்காரர்கள் ஏறினார்கள். ஒவ்வொருவர் தோளிலும் துப்பாக்கி.

டோனல் டீயை வாங்கிக் குடித்தார். எஞ்சினிலிருந்து மெதுவாக இறங்கினார். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து பைப்பைப் பற்றவைத்தார். கரி அள்ளிப் போடும் ஆளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

உயரமான பட்டாள அதிகாரி ஒருவர் விறுவிறுவென்று வந்தார்.

"வண்டிய எடுப்பா."

"துப்பாக்கி இறங்கட்டும் சார். உடனே எடுத்துடறேன்" என்றார் டோனல்.

அதிகாரி புத்திசாலி. டிரைவரைப் பிடித்து உள்ளே போட்டால் வண்டியை ஓட்ட வேறு ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் அவர் கோபப்படவே இல்லை. ஒவ்வொரு பெட்டியின் ஜன்னலருகிலும் நின்று பயணிகளிடம் பேசிக்கொண்டே போனார். நீங்கள் போக முடியாததற்குக் காரணம் அதோ அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான். எங்களுக்கு அவசரமில்லை, சாயங்காலம் வரைக்கும் இருப்போம். உங்களுக்கு அவசரமென்றால் அவரிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் பெட்டிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் யாரும் கேட்கவில்லை. ஆனால் வெயில் ஏற ஏற, வயிறு காயத் தொடங்கியது. கூடையில் பன்றிக்குட்டியோடு சந்தைக்குக் கிளம்பியிருந்த பார்ட்லி முணுமுணுத்தார். நாடு விடுதலை அடைவது நல்லதுதான், ஆனால் அது ஒருநாள் தள்ளி, சந்தை இல்லாத நாளாகப் பார்த்து அடையக் கூடாதா என்பது அவருடைய கேள்வி. வேறு சிலரும் தலையாட்டினார்கள்.

நடுப் பெட்டியில் டெல்யா என்ற கல்யாணப் பெண் இருந்தாள். நான்கு ஊர் தள்ளி பாலிரோவன் தேவாலயத்தில் அவளுக்கு அன்று கல்யாணம். மாப்பிள்ளை அங்கே காத்திருந்தான். டெல்யா ஜன்னலில் சாய்ந்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

டோனலின் பைப் அணைந்துபோயிருந்தது. அவர் அதை மறுபடி பற்றவைக்கவில்லை.

"அப்பா, வண்டிய எடுத்துடுவீங்களா?" என்று ஊனா மெல்லக் கேட்டாள்.

"எடுக்கக் கூடாதும்மா. வேலையே போனாலும் எடுக்க மாட்டேன்னுதான் இருந்தேன். ஆனா அந்தப் பொண்ணு மொகத்தப் பாக்க முடியலயே."

ஊனாவுக்கு விஷயம் புரிந்தது. அதிகாரி சத்தம் போட்டால் அப்பா அசைய மாட்டார். டெல்யா அழுதால் அசைந்துவிடுவார். அதற்குத்தான் அதிகாரி காத்திருக்கிறார்.

அப்படியானால் டெல்யா அழக் கூடாது. பார்ட்லியின் வயிறும் காயக் கூடாது.

ஊனா வீட்டுக்கு ஓடினாள். அம்மா பெரிய பானையை அடுப்பில் ஏற்றி, புது உருளைக்கிழங்கைக் கொட்டினாள். ஊனா அடுத்த வீட்டுக்கு ஓடினாள், அதற்கடுத்த வீட்டுக்கும் ஓடினாள். ஒரு வீட்டில் மோர் கிடைத்தது, இன்னொரு வீட்டில் ரொட்டி. வெண்ணெய் கொடுத்த வீட்டில், சும்மா இருந்த தாத்தாவையும் அவருடைய பிடிலையும் சேர்த்தே அனுப்பிவைத்தார்கள்.

பிறகு சாலைக்குப் போய் நின்றாள். பால் பண்ணையில் பாலை ஊற்றிவிட்டு, கொன் என்ற இளைஞன் காலிப் பாத்திரங்களோடு குதிரை வண்டியில் வந்துகொண்டிருந்தான். ஊரில் அவன் குதிரைதான் வேகமானது. ஊனா கையை விரித்து வழியை மறித்து விஷயத்தைச் சொன்னாள்.

கொன் தயங்கினான். "கல்யாணப் பொண்ண இதுல ஏத்தறதா? புளிச்ச பால் நாத்தம் அடிக்குது பாப்பா."

"அவங்களயே கேளுங்களேன்" என்றாள் ஊனா.

டெல்யா வந்து வண்டியை முகர்ந்து பார்த்தாள். அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். "எம் மாப்பிள்ளைக்கு மோர்னா உசுரு. நீ வண்டிய எடு" என்றாள்.

வேலியோரம் பூத்துக் கிடந்த சிவப்புப் பூக்களைப் பறித்து, பெண்கள் குதிரையின் கழுத்தில் கட்டினார்கள். டெல்யாவும் அவள் சித்தியும் ஏறிக்கொண்டார்கள். காலிப் பாத்திரங்கள் கடகடவென்று மேளம் கொட்ட, வண்டி பறந்தது. டோனல் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி அசைத்தார். பிறகு பைப்பைப் பற்றவைத்தார்.

இதற்குள் உருளைக்கிழங்கு வந்துவிட்டது. ஆவி பறக்க, வெண்ணெய் உருகி வழிய, ஆளுக்கு ஒரு தட்டு. தாத்தா பிடிலை எடுத்தார். வயிறு நிறைந்த பார்ட்லி சந்தையை மறந்துவிட்டு ஆடத் தொடங்கினார். அவர் காலை வீசிய வேகத்தில் கூடை கவிழ்ந்தது. பன்றிக்குட்டி நேராகப் போய்ப் பட்டாளப் பெட்டிக்குள் ஏறியது.

உள்ளே ஒரே களேபரம். பூட்ஸ் சத்தம், கீச்சுக் குரல், சிரிப்பு. கடைசியில் ஓர் இளம் பட்டாளக்காரன், குட்டியைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு இறங்கி வந்தான். அவன் கண் குட்டியின் மேல் இல்லை, பானையின் மேல் இருந்தது.

ஊனா ஒரு தட்டில் உருளைக்கிழங்கு வைத்து நீட்டினாள்.

"அவனுக்கு எதுக்குக் குடுக்கற?" என்றார் பார்ட்லி.

"துப்பாக்கியத்தானே மாமா ஏத்த மாட்டோம்னு சொன்னோம்? பசிச்சவங்களுக்குச் சோறு போட மாட்டோம்னு சொல்லலயே. அவரு துப்பாக்கிய உள்ளயே வெச்சிட்டுத்தான் வந்திருக்காரு."

பார்ட்லி யோசித்தார். பிறகு அவரே அவன் தட்டில் வெண்ணெயை வைத்தார்.

அதைப் பார்த்து இன்னொருவன் இறங்கினான். பிறகு இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் உள்ளே அதிகாரியும் துப்பாக்கிகளும் மட்டுமே மிச்சம். ஊனா அவருக்கும் ஒரு தட்டு கொண்டுபோனாள். அவர் வேண்டாம் என்றார். அவள் அதை ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்தாள். திரும்பிப் பார்த்தபோது தட்டு காலி.

வெயில் தாழும் நேரத்தில் சாலையில் பாட்டுச் சத்தம் கேட்டது. முன்னால் கொன்னின் வண்டி, பின்னால் இன்னும் பல வண்டிகள். டெல்யா மாப்பிள்ளையோடு வந்திறங்கினாள். கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டது. விருந்தை ஸ்டேஷனிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மொத்தக் கூட்டமும் கிளம்பி வந்துவிட்டது.

அதிகாரி பெட்டி வாசலில் நின்று பார்த்தார். யாரும் டிரைவரைத் திட்டவில்லை. டிரைவர் மணப்பெண்ணோடு ஆடிக்கொண்டிருந்தார். அதிகாரியின் ஆட்களே தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஊனாவைக் கூப்பிட்டார். "இதெல்லாம் யாரோட யோசனை?"

"பசிச்சவங்களுக்குச் சாப்பாடு போட யோசனை எதுக்கு சார்?" என்றாள் ஊனா.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அதை மீசைக்குள் அடக்கிக்கொண்டு தன் ஆட்களை அழைத்தார். அவர்கள் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு இறங்கி, வரிசையாகச் சாலையில் நடந்து போனார்கள். இளம் பட்டாளக்காரன் மட்டும் ஒருமுறை திரும்பிக் கையசைத்தான். பார்ட்லி, பன்றிக்குட்டியின் காலைப் பிடித்துப் பதிலுக்கு ஆட்டினார்.

டோனல் எஞ்சினில் ஏறினார். பெட்டிகள் நிரம்பி வழிந்தன. இடமில்லாதவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து பாடினார்கள்.

"மேல வா" என்று அப்பா குனிந்து கை நீட்டினார். ஊனா ஏறினாள். தலைக்கு மேலே தொங்கிய ஊதல் கயிற்றை அவர் காட்டினார்.

ஊனா இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து, பாலிரோவன் வரைக்கும் கேட்கும்படி இழுத்தாள்.