அலமாரிக்குள் ஒரு குரல்

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் எல்லோரும் தண்ணீர் ஒழுங்காக வருமா என்று கேட்பார்கள். என் தங்கை சிட்டு நேரே படுக்கையறைக்குப் போய், ஆள் நிற்குமளவு பெரிய சுவர் அலமாரிக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு கைதட்டிப் பார்த்தாள்.

"எதிரொலியே இல்லக்கா. இந்த வீடே போதும்."

நானும் எட்டிப் பார்த்தேன். வெகுகாலம் பூட்டிக் கிடந்த அலமாரி, அப்போதுதான் யாரோ எழுந்து போன படுக்கை போல வெதுவெதுப்பாக இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னால் கேட்கிற ஜென்மமா அவள்?

அவளே எழுதி, கிதாரில் அவளே மெட்டுப் போட்டு, அந்த அலமாரிக்குள் கம்பளியைத் தொங்கவிட்டு, மைக்கை வைத்துப் பாடி இணையத்தில் போடுவாள். முதல் இரண்டு பாட்டை நாய்கூடச் சீண்டவில்லை. மூன்றாவது பற்றிக்கொண்டது. செல்போன் கடை வேலையை அன்றைக்கே விட்டுவிட்டாள். ஒரு இசை நிறுவனம் அடுத்த பாட்டைக் கேட்டது. அது பிடித்துவிட்டால் அவள் பாடகி. இல்லாவிட்டால் பழையபடி கடைதான்.

ஆனால் கேட்டவர்களெல்லாம் ஒரே விஷயத்தையே எழுதினார்கள். கூடப் பாடுவது யார்? அந்தக் குரல்தான் உருக்குகிறது.

கூட யாரும் பாடவில்லை.

ஹெட்போனை மாட்டிக் கேட்டோம். சிட்டுவின் குரலுக்கு அடியில், இம்மி பின்தங்கி, இன்னொரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். சிட்டுவுக்கோ கோபம். எங்கள் குடும்பத்தில் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வரும்.

"நான் தொண்டை கிழியப் பாடுவேன், பேரு அவளுக்கா? இரு, அழிச்சிடறேன்."

அவளிடம் ஒரு வழி இருந்தது. காலியான அலமாரியின் சத்தத்தைக் கொஞ்சம் பதிவு செய்து கம்ப்யூட்டருக்குக் காட்டினால், அதே சத்தம் பாட்டில் எங்கே இருந்தாலும் துடைத்துவிடும். மின்விசிறி இரைச்சலை அப்படித்தான் எடுப்பாள். நான்காவது பாட்டைப் பாடி முடித்த மதியம், மைக்கை உள்ளே விட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தோம்.

போட்டுக் கேட்டோம்.

முதலில் மூச்சு. பிறகு முனகல். யாரோ ஒருத்தி மெட்டைத் தப்பும் தவறுமாக முனகினாள், திருத்தினாள், மறுபடி முனகினாள். போகப்போக அந்தக் குரல் மாறியது.

"சிட்டு, நிறுத்து. இது உன் குரல் மாதிரியே இருக்குடி."

"இருந்துட்டுப் போகட்டும்."

அழிக்கும் பட்டனை அழுத்திவிட்டாள்.

நான்காவது பாட்டு ஓடியது. கிதார் மட்டும்.

அடியில் இருந்தவள் இல்லை. சிட்டுவும் இல்லை. அவள் திகைத்துப் போய் என் பக்கம் திரும்பி, அக்கா என்று வாயசைத்தாள்.

சத்தம் வரவில்லை.

தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இசை நிறுவனம் இரண்டு முறை கூப்பிட்டது, நான்தான் எடுத்துப் பேசினேன். என்ன சொல்வது? அவள் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இனி அந்த வீட்டில் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

நல்ல வெயில் நேரத்தில் சாமான்களை ஏற்றினோம். சிட்டு வேனில் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். நான் வாசல் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினேன்.

"அக்கா."

பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து.

என் தங்கையின் குரல். இத்தனை நாளாக நான் கேட்கத் தவித்த அதே குரல், அதே செல்லம்.

"அவ எதுக்குக்கா உனக்கு? ஊமை. அவள அனுப்பிட்டு நீ உள்ள வா."

போகக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கை சாவியைத் துளைக்குள் விட்டுவிட்டது.

வேனுக்குள்ளிருந்து சிட்டு அதைப் பார்த்தாள். கண்ணாடியில் இரண்டு கையாலும் அறைந்துகொண்டு, வாயைப் பெரிதாகத் திறந்தாள்.

அந்த அலறல் வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. கூடவே சிரிப்பும்.